மருத்துவமனையும் கைத்தூய்மையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

திருவண்ணாமலை மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. அங்கு மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் நம் நெடுநாள் நண்பர் ஒருவர், நீரிழிவினால் காலில் உண்டான புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தார். அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஏழு பேர் அவரை நலம் விசாரிக்கச் சென்றோம். வார்டின் வாசலில் இளம் செவிலியர் ஒருவர் தடுத்து நிறுத்தினார். "பாய், ஒருத்தர் மட்டும் உள்ளே போங்க. சுவத்துல இருக்கிற மருந்தைக் கையில தேய்ச்சிட்டுப் போங்க" என்றார்.

நம்முடன் வந்த பெரியவர் ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. "இப்பத்தானேம்மா உளூ செஞ்சுட்டு வர்றோம். அதுவும் இந்தப் புட்டியில இருக்கிறது சாராயமாச்சே, அதைத் தொட்டா கை அசுத்தமாயிடாதா?" என்று கேட்டார். செவிலியருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் அந்த நொடியில் உடனே சொல்ல வரவில்லை. இக்கட்டுரை அந்த வாசலில் நாம் சொல்லத் தவறிய மறுமொழி.

முதலில் மருத்துவமனையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். அகழ்ப்போரின்போது (ஹிஜ்ரி 5) காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்ததும், ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார் காயமுற்றோரைப் பராமரித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) உமய்யாக் கலீஃபா முதலாம் வலீத் தொழுநோயாளிகளைத் தனியே வைத்து, அவர்கள் பிச்சையெடுக்க வேண்டாத அளவுக்கு உதவித்தொகை வழங்கினார் என வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். நோயாளியை ஒதுக்குவதும் அவருக்குச் சோறு போடுவதும் அங்கே ஒரே ஆணையில் இடம்பெற்றன. பிற்காலத்தில் உலகம் எங்கும் இவ்விரண்டில் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டது பெரும் துயரம்.

பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்த கதையும் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அறிஞர் ராஸீ நகரின் பல மூலைகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எது மெதுவாகக் கெட்டதோ அவ்விடத்தைத் தேர்ந்தார் என்பர். இதை அழுதீ மருத்துவமனையோடு இணைத்துச் சொல்வதில் இடர் உண்டு. அது திறக்கப்பட்டது ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982), ராஸீயோ அதற்குப் பல்லாண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். இக்கதையைப் பதிவு செய்த இப்னு அபீ உஸைபிஆவே இந்தக் கால முரணைக் கண்டு எழுதியிருக்கிறார். மேடையில் பேசும் நாம் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறோம்!

ஐயத்திற்கு இடமில்லாத சான்று வேண்டுமாயின் கெய்ரோவுக்குச் செல்ல வேண்டும். ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) மம்லூக் சுல்தான் கலாவூன் அங்கு நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையில் காய்ச்சல், கண்நோய், வயிற்றுப்போக்கு, அறுவை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி இடங்கள் இருந்தன. அதன் வக்ஃபு ஆவணத்தில் நம் கண்ணை நிறுத்தும் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் சமைத்த உணவைத் தனிக் கிண்ணத்தில், வேறு நோயாளி பங்குகொள்ளாதவாறு, மூடி எடுத்துச் சென்று கொடுக்க வேண்டும் என்கிறது அது. மூடிகளுக்கான செலவையும் வக்ஃபே ஏற்றது. கிருமி என்ற சொல்லையே அறியாத காலத்துச் சட்ட ஆவணம் இது. இதற்கு 500 ஆண்டுகளுக்குப் பின், 1788இல், பாரிஸ் நகரின் பெரிய மருத்துவமனையில் ஒரே கட்டிலில் பல நோயாளிகள் நெருக்கிப் படுக்க வைக்கப்பட்டதை டெனோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வேதனையோடு பதிவு செய்தார்.

எனினும் நோய் தொற்றுமா என்பதில் நம் மரபு ஒரே குரலில் பேசியதாகக் காட்டுவது நேர்மையன்று. தொற்று தானாகச் செயல்படுவதை மறுக்கும் ஹதீஸும் உண்டு. தொழுநோயாளியை விட்டு விலகச் சொல்வதும், நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டு செல்ல வேண்டாம் என்பதும் உண்டு. ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் ஷாமை நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்பினார்கள். கிரனடாவின் இப்னுல் கத்தீப் (மறைவு: ஹிஜ்ரி 776), தம் நகரில் 1348-49இல் பரவிய கொள்ளைநோயைக் கண்டபின், நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி வழியாகவும் நோய் பரவுவது அனுபவத்தால் உறுதியானது என வாதிட்டார். மாமேதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களோ தம் புதல்வியரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய் பற்றித் தனி நூலே எழுதியும், அது தொற்றிப் பரவுகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. இவ்விருவரில் மருத்துவ உண்மைக்கு நெருங்கியவர் இப்னுல் கத்தீபே. இதைச் சொல்வதால் இப்னு ஹஜரின் ஹதீஸ் புலமைக்கு எள்ளளவும் குறைவில்லை.

ஆயினும் இவர்கள் அனைவரின் கண்ணும் நோயாளி மீதும் அவருடைய பொருள்கள் மீதுமே இருந்தது. நோயைச் சுமந்து செல்பவர் மருத்துவராகவே இருக்கலாம் என்ற எண்ணம் மிகத் தாமதமாக வந்தது. வந்தபோதும் யாரும் அதை விரும்பவில்லை.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தனர். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் எண்ணிக்கை முதற்பிரிவிலேயே பலமடங்கு மிகுதி. அங்கே சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினராம். அங்குப் பணிபுரிந்த இக்னாஸ் ஸெமல்வைஸ் என்னும் ஹங்கேரி மருத்துவர் காரணம் தேடித் தவித்தார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறிய காயத்தால் மாண்டார். அவருடலில் கண்ட அடையாளங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணவறையில் உடலை அறுத்த கையோடு மாணவர்கள் நேரே பிரசவ அறைக்கு வருவதை ஸெமல்வைஸ் உணர்ந்தார். மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் உள்ளே வரலாகாது என ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18க்கு மேலிருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2ஆகக் குறைந்தது.

இதற்குப் பிறகும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. தங்கள் கை கொலை செய்திருக்கக்கூடும் என்பதை எந்தக் கண்ணியவான் ஏற்பான்? 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில் காயம் சீழ்பிடித்து அவர் இறந்தார். இரண்டாண்டு கழித்து ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டார். பாஸ்டரின் ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன. அதன்பின்னரே பழைய செய்தி புதிய பெயரில் செலாவணியானது.

நம் தமிழகத்திற்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1898இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்தது. வலீத் அளித்த உதவித்தொகைக்கு மாறாக இங்கே காவலர் வந்தனர். மருந்து கண்டுபிடிக்கப்பட்டு நோய் குணமாகத் தொடங்கிய பின்னும் நெடுங்காலம் சட்டப் புத்தகத்தில் இருந்த அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. திருவண்ணாமலையும் உள்ளடங்கியிருந்த பழைய வடஆற்காடு மாவட்டம் இந்நோயால் மிக வருந்திய பகுதி. வேலூருக்கு அருகில் கரிகிரியில் 1955இல் தனி மருத்துவ ஆய்வு நிலையம் எழுந்ததும் அதனாலேயே.

காசநோயின் கதையோ சென்னைக்கே பெருமை சேர்ப்பது. அக்காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பதே முறை. வீட்டிலிருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் இந்நம்பிக்கையை உரசிப் பார்த்தது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மறு பிரிவினரை நெருக்கடியான சென்னை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என 1959இல் முடிவு வெளியாயிற்று. தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், வீட்டில் மருந்துண்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கும் முன்னர், நோய் இன்னதென்று அறியப்படாத நாள்களிலேயே பெரும்பாலும் தொற்றும் ஆபத்து நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு இது. நாம் அஞ்ச வேண்டியவர் நோயாளி என்று தெரிந்தவரல்லர். யாரென்று இன்னும் தெரியாதவர்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், நிர்மலா ஆகிய மருத்துவர்கள் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தபோது இதே பாடம் மீண்டும் வந்தது. முகத்தைப் பார்த்து எவருக்கு இக்கிருமி உண்டென்று சொல்ல இயலாது. எனவே எல்லாருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி ஊசி, கையுறை, கழிவு அனைத்தையும் ஒரே கண்டிப்போடு கையாளும் விதி உலக மருத்துவமனைகளில் நிலைபெற்றது. இவ்விதியால் எவரும் தனித்துச் சுட்டப்படுவதில்லை. இதன் சிறப்பே அதுதான். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்ததை நாம் மறக்கவில்லை. அச்சம் என்றுமே தவறான ஆளைத்தான் முதலில் தேடிப் பிடிக்கிறது.

இனி அந்தப் பெரியவரின் இரு கேள்விகளுக்கு வருவோம்.

உளூ வணக்கத்திற்குரிய தூய்மை. அது நிறைவேற நீர் போதும், சோப்பு நிபந்தனையன்று. பள்ளியில் உளூ செய்த கை, வழியில் வண்டியின் கைப்பிடியையும், மருத்துவமனைப் படிக்கட்டின் கம்பியையும், எதிர்ப்பட்டவரின் கையையும் தொட்டது. உளூ முறியவில்லை, ஆனால் கை அறுவைப் புண்ணருகே செல்லத் தகுதியாகவும் இல்லை. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நாம் மேலை நாட்டு நூல்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விட வேண்டாம் என்னும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் கவனிக்கத்தக்கது: இரவில் தன் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கையில் அழுக்கு தெரிவதன்று, தெரியாமையே காரணம். ஷாஃபிஈ ஃபிக்ஹு பாடத்தில் ஆண்டுதோறும் இதை நடத்தும் நாம், மருத்துவமனை வாசலில் இதை நினைவுகூரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மற்றது சாராயம் பற்றியது. மது அசுத்தப் பொருள் என்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை நிலை. ரபீஆ, லைஸ் இப்னு ஸஅத், முஸனீ (ரஹ்) ஆகியோர் அது ஹராமே ஆயினும் பொருளால் அசுத்தமன்று எனக் கருதினர். ஹனஃபீ சட்டத்தில் திராட்சை, பேரீச்சையிலிருந்து வருவதற்கும் ஏனையவற்றுக்கும் வேறுபாடு பேசப்படுகிறது. நம் நாட்டில் தொழிற்சாலை எத்தனால் முன்பு பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைப்பாகின் கழிவிலிருந்து பெறப்பட்டு வந்தது. பல புட்டிகளில் உள்ள ஐசோபுரொப்பைல் வகையோ பெட்ரோலியப் பொருளிலிருந்து வருவது, குடிக்கும் மதுவே அன்று. 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், காயம் துடைக்கவும் கிருமி கொல்லவும் ஆல்கஹாலை உடலின் மேற்புறத்தில் பயன்படுத்துவது ஆகும் எனத் தீர்மானித்தது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டி, சமயங்களின் பார்வைக்கென்றே தனிப்பகுதி ஒதுக்கி நம் சமுதாயத்தின் இந்த ஐயத்தையும் ஆராய்ந்திருக்கிறது.

அதன் பயனும் கண்கூடு. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994 முதல் 1997 வரை கட்டில்தோறும் இக்கரைசலை வைத்து ஊழியரைப் பழக்கியபோது, கைத்தூய்மை நூற்றுக்கு 48லிருந்து 66ஆக உயர்ந்தது. மருத்துவமனையில் பெற்ற தொற்று 16.9லிருந்து 9.9ஆகக் குறைந்தது. 66 என்பதும் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். படித்த மருத்துவர்களுக்கே இந்நிலை. நம்மைப் போன்ற நாடுகளில் அவசர, அறுவைச் சிகிச்சை மருத்துவமனைகளில் சேரும் நூறு நோயாளிகளில் 15 பேருக்கு அங்கேயே ஏதேனும் ஒரு தொற்று புதிதாக வருகிறது என 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இதில் நம் சமுதாயம் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் காண இருபது பேர் செல்வதும், ஒவ்வொருவரும் தூக்கி முத்தமிடுவதும், நோயாளியின் கட்டிலில் அமர்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிப்பதும் சுன்னத்தில் சேர்ந்தவையல்ல. சந்திப்பைச் சுருக்கிக்கொள்ளுமாறு ஃபிக்ஹு நூல்களே அறிவுறுத்துகின்றன.

இருந்தாலும் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த வாரமே இரண்டாம் முறை சென்றபோது பெரியவரிடம் மேற்சொன்னவற்றை விளக்கினோம். அவர் புட்டியை அழுத்திக் கைகளைத் தேய்த்துக்கொண்டு தனியே உள்ளே சென்றார். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்தோம். சிறிது நேரத்தில் திரும்பி வந்தவர், "'எல்லாரும் வந்திருக்காங்கன்னு சொல்றீங்க, என் கண்ணுக்கு யாரையும் காணோமே'ன்னு அவர் கண் கலங்குறார்" என்றார். செவிலியரிடம் கேட்டோம். நோயாளியின் கட்டில் சன்னலோரத்தில்தான் இருக்கிறது, தோட்டத்துப் பக்கமாகச் சுற்றி வந்தால் அவர் பார்க்கலாம் என்று வழி காட்டினார். ஆறு பேரும் எழுந்து சன்னலுக்கு வெளியே போய் நின்றோம்.