சீம் இல்லாத பைப்: சான் புருனோ, 2010

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். போன மாசம் எங்க அப்பார்ட்மெண்ட்ல பைப் கேஸ் கனெக்‌ஷன் கொடுக்க வந்தாங்க. சமையலறைக்குள்ள ஒரு பைப், ஒரு மீட்டர், ஒரு வால்வு. அவ்வளவுதான். வேலை முடிச்சுட்டுக் கிளம்பின அண்ணன்கிட்ட, "இது சேஃப்தானே அண்ணே?"ன்னு கேட்டேன். "எல்லாம் டெஸ்ட் பண்ணி எழுதி வெச்சிருக்கோம் சார், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி, ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு.

அவர் சொன்னதுல தப்பு எதுவும் இல்லை. ஆனா "எழுதி வெச்சிருக்கோம்"ங்கிற அந்த வார்த்தை எனக்கு வேற ஒரு ஊரை ஞாபகப்படுத்துச்சு. அங்கேயும் எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்தாங்க. எழுதினது தப்பா இருந்துச்சு. அந்தத் தப்பு தெரிய 54 வருஷமும், எட்டு உயிரும் ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, விமான நிலையத்தை ஒட்டியிருக்கிற சின்ன ஊர் சான் புருனோ. 2010 செப்டம்பர் 9, மாலை 6 மணி 11 நிமிடம். கிரெஸ்ட்மூர் என்கிற குடியிருப்புப் பகுதியில், இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடத்துக்குக் கீழே புதைத்திருந்த 30 அங்குல கேஸ் பைப் வெடித்தது.

28 அடி நீளமுள்ள ஒரு பைப் துண்டு, கிட்டத்தட்ட 1,360 கிலோ எடை, மண்ணையும் ரோட்டையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, சுமார் 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. ரோட்டில் 72 அடி நீளம், 26 அடி அகலத்துக்குப் பள்ளம். வெளியே வந்த கேஸ் உடனே தீப்பிடித்தது. விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், ஏதோ விமானம் விழுந்துவிட்டது என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். 38 வீடுகள் முழுக்க அழிந்தன. இன்னும் 70 வீடுகளுக்குச் சேதம்.

தீயணைப்பு வண்டிகள் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டன. ஆனா கேஸ் வந்துக்கிட்டே இருந்தா தண்ணி அடிச்சு என்ன பிரயோஜனம்? முதல்ல வால்வை மூடணும். அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? 95 நிமிஷம்.

ஒரு யுபிஎஸ் மாத்துற வேலை

இங்கிருந்து கொஞ்சம் பின்னாடி போகணும். அந்த பைப்புக்குப் பெயர் லைன் 132. மில்பிட்டாஸ் என்ற ஊரில் ஆரம்பித்து சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் சுமார் 46 மைல் ஓடுகிறது. நடத்துகிற நிறுவனம் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக், சுருக்கமா பிஜி அண்ட் இ. அன்னைக்குச் சாயங்காலம் மில்பிட்டாஸ் டெர்மினல்ல ஒரு பராமரிப்பு வேலை நடந்துக்கிட்டு இருந்தது. யுபிஎஸ் மாத்துற வேலை. நம்ம ஆபீஸ்ல கரண்ட் போனா கம்ப்யூட்டர் அணையாம காப்பாத்துதே, அதே யுபிஎஸ், பெரிய சைஸ்ல.

இந்த மாதிரி வேலைக்கு முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்பணும். நம்ம ஊர் ஃபேக்டரிகள்ல 'வொர்க் பெர்மிட்'னு சொல்வாங்க. என்ன வேலை, எதைத் துண்டிக்கப் போறோம், என்ன வரிசையில, ஏதாவது தப்பானா யார் என்ன செய்யணும், எல்லாம் அதுல இருக்கணும். ஒரு மேற்பார்வையாளரோட வேலையில முக்காவாசி இதுதான்: நாளைக்கு என்ன தப்பாகலாம்னு இன்னைக்கே யோசிச்சு எழுதுறது. அன்னைக்கு நிரப்பின படிவத்துல அந்த விவரங்கள் போதுமான அளவு இல்லைன்னு பின்னாடி விசாரணையில தெரிஞ்சுது.

மாலை 5:22. வேலை நடக்கும்போது மின்சார சப்ளையில் கோளாறு. அழுத்தத்தை அளக்கிற கருவிகளுக்குப் போகவேண்டிய மின்சாரம் தடுமாறியது. அழுத்தம் எவ்வளவு என்றே கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரியவில்லை. அதனால் அழுத்தத்தைக் குறைத்து அனுப்ப வேண்டிய வால்வுகள் முழுசாகத் திறந்துகொண்டன. சான் ஃபிரான்சிஸ்கோ கட்டுப்பாட்டு அறையில், தூரத்து கருவிகளைத் திரையில் காட்டுகிற 'ஸ்காடா' அமைப்பில், கொஞ்ச நேரத்துக்குள் 60-க்கும் மேற்பட்ட அலாரங்கள். நம்ம போன்ல ஒரே நேரத்துல அறுபது நோட்டிஃபிகேஷன் வந்தா எதைப் பார்ப்போம்? எதையுமே பார்க்க மாட்டோம். கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். எது உண்மையான அழுத்தம், எது கோளாறான கருவி காட்டுற பொய்னு பிரிக்கிறதே பெரிய வேலையாயிடுச்சு.

அழுத்தம் மெல்ல மெல்ல ஏறியது. வெடித்த இடத்தில் அந்த நேரம் 386 பிஎஸ்ஐ. உங்க கார் டயர்ல இருக்கிறது 32, 33 பிஎஸ்ஐ. அதைப் போல பத்து மடங்குக்கு மேல. ஆனா கவனிங்க: அந்த லைனுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 400. அதாவது, பைப் வெடிச்ச நேரத்துல அழுத்தம் அனுமதிச்ச எல்லையைத் தாண்டவே இல்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அப்படின்னா அது ஏன் வெடிச்சுது?

95 நிமிஷம்

அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, வால்வு கதையை முடிச்சிடறேன்.

கட்டுப்பாட்டு அறையில் அழுத்தம் சடாரென்று விழுவது தெரிந்தது. டிவியில் தீ தெரிந்தது. இரண்டும் ஒரே சம்பவம்தான் என்று இணைத்துப் பார்க்கவே நேரமானது. யார் தலைமை, யார் ஆள் அனுப்புவது, யார் தீயணைப்புத் துறையிடம் பேசுவது என்று தெளிவான ஏற்பாடு இல்லை. முதலில் அனுப்பப்பட்ட ஊழியர்களுக்கு அந்தப் பெரிய வால்வுகளை இயக்கப் பயிற்சி கிடையாது. கடைசியில் மூடியது இரண்டு மெக்கானிக்குகள். யாரும் வந்து உத்தரவு போடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. பெரிய லைன்தான் உடைந்திருக்க வேண்டும் என்று தாங்களே ஊகித்து, யார்டுக்குப் போய், கருவிகளை எடுத்துக்கொண்டு, வண்டி ஓட்டிப்போய், வால்வுகளைக் கையால் திருகி மூடினார்கள். ஒரு பக்கம் 7:30-க்கு, இன்னொரு பக்கம் 7:46-க்கு.

தூரத்திலிருந்தே மூடுற வால்வோ, அழுத்தம் விழுந்தா தானா மூடிக்கிற வால்வோ அந்த இடத்துல இருந்திருந்தா, தீ இவ்வளவு நேரம், இவ்வளவு உக்கிரமா எரிஞ்சிருக்காது. அந்தத் தொழில்நுட்பம் புதுசு இல்லை. செலவு அதிகம், பெரிய பலன் இல்லைங்கிற வாதம்தான் பல வருஷமா ஜெயிச்சுட்டு இருந்தது.

1956-ல் என்ன நடந்தது?

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். அந்தப் பகுதியில் லைன் 132-ஐ முதலில் புதைத்தது 1948-ல். 1950-களில் அங்கே வீடுகள் கட்ட நிலத்தைச் சமன்படுத்தினார்கள். பைப் இடைஞ்சலாக இருந்ததால், 1956-ல் அதில் சுமார் 1,850 அடியை வேறு பாதைக்கு மாற்றினார்கள். அந்தப் புதுப் பாதையில், ஓரிடத்தில் ஒரே நீளமான பைப்புக்குப் பதிலாக, சின்னச் சின்ன ஆறு துண்டுகளைப் பற்றவைத்துச் சேர்த்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் எந்த ஆலையில் தயாரானவை என்று இன்றுவரை தெரியாது.

பைப் எப்படிச் செய்றாங்கன்னு ஒரு நிமிஷம் பார்க்கலாம். இரும்புத் தகட்டை உருளையா வளைச்சு, ரெண்டு விளிம்பையும் நீளவாக்கில வெல்டிங் பண்ணினா அது 'சீம்' உள்ள பைப். துணியில தையல் இருக்கிற மாதிரி. இன்னொரு வகை, தையலே இல்லாத 'சீம்லெஸ்' பைப். வெடிச்ச துண்டுல சீம் இருந்தது. அந்த வெல்டிங்கை வெளிப்பக்கம் மட்டும்தான் போட்டிருந்தாங்க, உள்பக்கம் போடவே இல்லை. தகட்டோட முழுத் தடிமனுக்கும் பத்துப் பிடிக்கலை. ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்னு சொல்ற அளவுக்கு வெளிப்படையான குறை.

அது பூமிக்குள் போனது. மேலே ரோடு வந்தது, வீடுகள் வந்தன, குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள். கீழே, அழுத்தம் ஏறி இறங்க, அந்த அரைகுறை வெல்டிங்கில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

ஃபைல் என்ன சொல்லுச்சு?

என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த இடத்தில் இருப்பது '30 அங்குல சீம்லெஸ் பைப்' என்று இருந்தது. அந்தத் தகவல் வந்தது ஒரு பழைய கணக்குப் பதிவிலிருந்து. வெல்டிங் செய்தவரோ, பரிசோதித்தவரோ எழுதிய குறிப்பு இல்லை அது. கணக்குப் பதிவிலிருந்து சர்வே தாளுக்கு, சர்வே தாளிலிருந்து 1990-களில் கம்ப்யூட்டர் வரைபடத்துக்கு என்று அது இடம் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் அதற்கு மரியாதை கூடியது. கம்ப்யூட்டர்ல இருக்குன்னா சரியாத்தானே இருக்கும்?

விசாரணையில் தெரிந்த உண்மை என்னவென்றால், அந்தக் காலத்தில் 30 அங்குலத்தில் சீம்லெஸ் பைப்பே கிடைக்காது. அந்த ஒரு வரியைப் படித்ததும் "இப்படி ஒரு பைப்பே கிடையாதே" என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அதோட விளைவைப் பாருங்க. பராமரிப்புக்குப் பொறுப்பானவங்க எந்தச் சோதனை செய்யணும்னு முடிவெடுக்கிறது இந்தப் பதிவேட்டை வெச்சுத்தான். சீம் இல்லாத பைப்புக்கு சீம் டெஸ்ட் எதுக்கு? அதனால வெளிப்புறத் துருவைக் கண்டுபிடிக்கிற சோதனையைத் தேர்ந்தெடுத்தாங்க. அதை அவங்க ஒழுங்காவே செய்திருக்கலாம். ஆனா உள்ளே இருக்கிற வெல்டிங் குறையை அந்தச் சோதனையால பார்க்கவே முடியாது.

தண்ணீரை நிரப்பி அதிக அழுத்தம் கொடுத்துப் பார்க்கிற ஹைட்ரோ டெஸ்ட் செய்திருந்தால், அந்தத் துண்டு அங்கேயே மாட்டியிருக்கும். செய்யவில்லை. 1970-ல் மத்திய அரசு விதிகள் வந்தபோது, ஏற்கெனவே புதைத்திருந்த பைப்புகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1965 முதல் 1970 வரையிலான ஐந்து வருடத்தில் நீங்கள் ஓட்டிய அதிகபட்ச அழுத்தம் என்னவோ, அதுவே உங்கள் உச்ச எல்லை என்றார்கள். லைன் 132-ன் அந்த '400' இப்படித்தான் வந்தது. அது பைப்பின் பலத்தை அளந்து கிடைத்த எண் இல்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதற்கான எண்.

பிறகு நடந்தது

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 ஆகஸ்டில் இறுதி அறிக்கை வெளியிட்டது. 1956-ல் தரக்கட்டுப்பாடு இல்லாததும், பழுதான துண்டைக் கண்டுபிடிக்கத் தவறிய பராமரிப்புத் திட்டமும்தான் காரணம் என்று சொன்னது. கண்காணிக்க வேண்டிய மாநில ஆணையத்தையும், விலக்கு கொடுத்த மத்திய அரசையும் அது விடவில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் வாரியம் அவசரப் பரிந்துரை ஒன்று கொடுத்தது: உங்கள் பைப்புகளுக்கான அசல் ஆவணங்களைத் தேடி எடுங்கள் என்று. அதற்காக நிறுவனம் கவ் பேலஸ் என்ற பெரிய உள்ளரங்கத்தை வாடகைக்கு எடுத்து, பெட்டி பெட்டியாகப் பழைய காகிதங்களைக் கொண்டுவந்து கொட்டி, ஆட்களை உட்கார வைத்துத் தேடியது. மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு ஸ்டேடியம் தேவைப்பட்டுச்சு.

2015-ல் மாநில ஆணையம் விதித்த தண்டம் 160 கோடி டாலர். 2016-ல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி, பைப்லைன் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது, விசாரணைக்கு இடையூறு செய்தது ஆகிய குற்றங்களில் அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2019-ல், போதிய சோதனைப் பதிவு இல்லாத பழைய பைப்புகளின் அழுத்த எல்லையை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லும் மத்திய விதி வந்தது. 2022-ல், புதிதாகப் போடும் பெரிய பைப்புகளில் தானாகவோ தூரத்திலிருந்தோ மூடும் வால்வுகள் வேண்டும் என்ற விதி வந்தது. வெடிப்புக்கும் அந்த வால்வு விதிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 12 வருடம்.

நமக்கு என்ன?

"அமெரிக்காவுல நடந்தது, நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். 2014 ஜூன் 27, ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம், நகரம் என்ற கிராமம். விடியற்காலையில் கெயில் நிறுவனத்தின் கேஸ் பைப்லைன் வெடித்து, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த கேஸ் போகவேண்டிய பைப்பில் ஈரமும் கலந்து போனதால் உள்ளே துரு பிடித்திருந்தது என்பது பின்னால் வெளிவந்தது. அங்கேயும் அதே விஷயம்தான்: பைப்புக்குள்ள என்ன ஓடணும்னு பேப்பர்ல இருந்ததுக்கும், உண்மையில ஓடினதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி.

இன்னைக்கு நம்ம ஊர்களிலேயும் ரோடு ஓரமா தோண்டி கேஸ் பைப் போடுறாங்க. நல்ல விஷயம்தான், நான் அதுக்கு எதிரி இல்லை. என் வீட்டுலேயே வந்தாச்சு. ஆனா அந்தப் பள்ளத்தை மூடுறதுக்கு முன்னாடி, எந்தத் துண்டை எங்க போட்டோம், யார் வெல்டிங் பண்ணினாங்க, யார் பார்த்தாங்கன்னு ஒருத்தர் எழுதறாரே, அந்த ஆள் அன்னைக்கு என்ன எழுதறாரோ அதை நம்பித்தான் ஐம்பது வருஷம் கழிச்சு, இன்னும் பிறக்காத ஒரு சூப்பர்வைசர் முடிவெடுக்கப் போறார்.

இந்தத் துறையில வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒரே ஒரு கோரிக்கை. உங்க பதிவேட்டுல நம்ப முடியாத மாதிரி ஒரு வரி இருந்தா, அதைக் கடந்து போயிடாதீங்க. "இது எங்கிருந்து வந்துச்சு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. சான் புருனோல அந்தக் கேள்வியைக் கேட்க 54 வருஷம் இருந்துச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.