எத்தனை அப்பாச்சி!

காரைக்கால் மாவட்டத்து நெடுங்காடு கடைத்தெருவில் ‘அப்பாச்சி’ என்று சொன்னால் கேட்பவர் டிவிஎஸ் மோட்டார் சைக்கிளைத்தான் நினைப்பார். 2000களின் நடுவில் வந்த அந்த வண்டி தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் இந்தச் சொல்லை ஊன்றிவிட்டது. யாழ்ப்பாணத்தாரிடம் அதையே சொன்னால் அப்பாவின் அம்மா நினைவுக்கு வருவார். அப்பாவும் ஆச்சியும் சேர்ந்த சொல் அது. கொங்கில் அப்புச்சி தாயின் தந்தை. செட்டிநாட்டில் அப்பச்சி தந்தை. இந்த உறவுப் பெயர்களுக்கும் வண்டிக்கும் தொடர்பு கிடையாது. ஒலி ஒத்துப்போனாலே வேரையும் ஒட்டவைத்துவிடும் ஆர்வம் நம்மிடம் கொஞ்சம் அதிகம், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நான் தேடுவது இன்னொரு அப்பாச்சியை. இணையதளங்களைத் தாங்கும் சர்வர் மென்பொருளுக்கும் அதே பெயர். திருவேட்டக்குடியில் உள்ள புதுச்சேரி என்.ஐ.டி.யில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கும்.

பெயர் அமெரிக்காவின் தென்மேற்குப் பழங்குடியினருடையது. ஆனால் அவர்கள் தமக்கு வைத்துக்கொண்டது அல்ல. தம் மொழியில் அவர்கள் ‘மக்கள்’ என்று பொருள்படும் சொல்லால்தான் தம்மைக் குறிக்கிறார்கள். அண்டையில் வாழ்ந்த சூனி மக்கள் ‘பகைவர்’ என்ற பொருளில் வழங்கிய சொல்லை ஸ்பானியர் எடுத்து எழுதினார்கள் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1900களின் தொடக்கத்தில், பாரீஸ் பத்திரிகைகள் தெருரவுடிகளுக்கு இதே பெயரைச் சூட்டின. பிறகு அமெரிக்க ராணுவம் தன் போர் ஹெலிகாப்டருக்கு வைத்தது. பகைவன், ரவுடி, ஆயுதம்: பெயர் போன இடமெல்லாம் சண்டைதான்.

சர்வருக்கு அது வந்த கதை 1995இல் நடந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் நிரலை, அவர் 1994இல் விலகிய பின் கவனிக்க ஆளில்லை. பயன்படுத்தியவர்களே ஆளுக்கொரு ஒட்டுப்போட்டுத் திருத்தினார்கள். ‘எ பேட்சி’, அதாவது ஒட்டுப்போட்ட சர்வர் என்ற சிலேடை பிரபலமானது இதனால்தான். பெயரை முன்மொழிந்த பிரையன் பெலன்டார்ஃப், அந்தப் பழங்குடியினரின் போராட்டக் குணத்தை மதித்தே வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். சிலேடை பின்னால் ஏறிய மெருகு என்றே எனக்குப் படுகிறது. 2023இல் பழங்குடித் தொழில்நுட்ப வல்லுநர் அமைப்பு ஒன்று பெயரை மாற்றக் கோரியது. மென்பொருளை நிர்வகிக்கும் அப்பாச்சி அறக்கட்டளை தன் மாநாட்டின் பெயரை மாற்றியது. மென்பொருளின் பெயரை விட்டுவைத்தது.

இந்த வரலாறு சர்வரைப் பழுதுபார்ப்பவருக்கு எதற்கு? பழைய பெயர் இன்னும் சாகவில்லை என்பதற்காக. என்.சி.எஸ்.ஏ. நிரலின் பெயர் ‘எச்டிடிபிடி’. ரெட் ஹாட் வகை லினக்ஸ் இன்றும் அந்தப் பெயரில்தான் சர்வரை நிறுவுகிறது. பிழைப்பதிவும் அந்தப் பெயருள்ள அடைவில்தான் கிடக்கும். ஆனால் சர்வர் ஓடும் பயனர் கணக்கின் பெயர் ‘அப்பாச்சி’. டெபியனிலும் உபுண்டுவிலும் தலைகீழ்: அடைவின் பெயர் ‘அப்பாச்சி2’, பயனர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. தொடக்ககால அமைப்புக் கோப்பில் பயனரின் பெயர் ‘நோபடி’, அதாவது ஒருவருமில்லை. ஒரு லினக்ஸுக்கு எழுதிய குறிப்பை இன்னொன்றில் அப்படியே அடித்தால், இல்லாத ஆளுக்கு உரிமை எழுதிக்கொடுத்த கணக்குதான்.

அனுமதி மறுக்கும் 403 பிழை வருவது பெரும்பாலும் இந்த உரிமைச் சிக்கலால்தான். உரிமை எண்ணில் 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், குழுவுக்கும் மற்றவர்க்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும். ஸ்கிரிப்டுக்கு 755 கொடுத்த பிறகும் 403 வந்தால் மேலே உள்ள அடைவுகளைப் பாருங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு அடைவிலும் சர்வரின் பயனருக்கு 1 இருக்க வேண்டும். தெருக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளே அலமாரியைத் திறந்துவைத்து என்ன பயன்?

சர்வர் உள்ளேயே தடுமாறும்போது வரும் 500 பிழை வேறு ரகம். விண்டோஸில் எழுதி ஏற்றிய ஸ்கிரிப்டின் முதல் வரியில், நிரலை இயக்கும் மென்பொருளின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். லினக்ஸ் அதையும் பெயரின் பகுதியாகவே படித்து, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கைவிரிக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்! பிழைப்பதிவைத் திறக்காமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

எதுவும் பிடிபடாதபோது 777 போட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். அது மோசமான வழக்கம். அந்த இயந்திரத்தில் கணக்குள்ள எவரும் உங்கள் ஸ்கிரிப்டைத் திருத்தலாம் என்று எழுதிக்கொடுப்பது அது. இயங்கும் நிரல்களைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளையை ஓட்டி, உங்கள் சர்வர் எந்தப் பெயரில் இயங்குகிறது என்று பார்த்து, அந்தப் பெயருக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். பல வாடிக்கையாளர் பங்கிடும் சர்வர்களில் அப்பாச்சியோடு ‘சூஎக்செக்’ என்ற காவல் நிரலும் இருப்பதுண்டு. மற்றவர் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை அது ஓட்டவே மறுத்துவிடும். அங்கே 777 போட்டால் கிடைப்பது மறுபடியும் பிழைதான்.