உண்ணப்பட்டவளின் பெயர்

முனைவர் பட்ட ஆய்வுக்காக விடுதியில் தங்கியிருந்தபோது என் அறைத்தோழி ஆங்கில இலக்கியம் படித்தாள். நான் சங்கப் பெண்பாற்புலவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து அறையைக் காலிசெய்தவள் கட்டிலுக்கடியில் ஒரு தடித்த புத்தகத்தை விட்டுப்போனாள். உர்சுலா கே. லெ குயின் எழுதிய நான்கு ‘எர்த்சீ’ நாவல்களை ஒன்றாகச் சேர்த்து 1993இல் பெங்குவின் வெளியிட்ட தொகுப்பு. மந்திரவாதி, டிராகன் என்றெல்லாம் இருந்ததால் சின்னப்பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவைத்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளர் சிவப்பு மையோடு திருப்பிக்கொடுத்த வாரத்தில்தான், வேறெதையும் தொடப் பிடிக்காமல், அதை எடுத்தேன். நான்கு நாவல்களையும் பத்து நாட்களில் முடித்தேன். பக்கத்தில் அகராதி இருந்தது.

எர்த்சீ கடலும் தீவுகளுமான உலகம். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று ஊர் கூப்பிடும் பெயர். இன்னொன்று மெய்ப்பெயர். மெய்ப்பெயர் டிராகன்கள் பேசும் ஆதிமொழியைச் சேர்ந்தது. அதை அறிந்தவர் உங்களை ஆளலாம். அதனால் உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். கதைநாயகன் பெரும் தவறொன்றைச் செய்து கூனிக்குறுகி நிற்கும்போது அவனுடைய நண்பன் ஆறுதலாக எதையும் சொல்வதில்லை. தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நண்பனைக் கூப்பிடும் பெயர் வெட்ச். கிரேக்க வீரன் பெயர்போலக் கம்பீரமாக இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். அகராதி சிரித்தது. வெட்ச் என்பது மாட்டுக்குத் தீவனமாகும் ஒரு பயற்றங்கொடி. அதன்பிறகு ஒவ்வொரு பெயராகத் தேடினேன். நாயகனுக்கு ஊர் வைத்த பெயர், குருவிகளை வேட்டையாடும் ஒரு சிறு வல்லூறின் பெயர். சூனியக்காரக் கிழவி மாஸ் என்றால் பாசி. இன்னொருத்தி லார்க், வானம்பாடி. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் முதல் வாசிப்பிலேயே காதில் விழுந்திருக்கும். எனக்கு ஒவ்வொன்றும் கண்டுபிடிப்பு. இன்றைக்கும் முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்பு நடத்தும்போது இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவேன். ‘ஆன்ட்டி மாஸ்’ என்றே விடலாமா, ‘பாசியத்தை’ ஆக்கலாமா என்று மாணவிகள் அடித்துக்கொள்வார்கள். நான் பாசியத்தை கட்சி.

இந்த ஏற்பாடு எனக்கு அந்நியமாகப் படாததற்கு என் படிப்பு ஒரு காரணம். அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் தொலைந்துபோன புலவர்களை அவர்கள் பாட்டில் வந்த தொடராலேயே கூப்பிடுகிறோம். செம்புலப்பெயனீரார் என்பது ஊர் கூப்பிடும் பெயர்தான். அவருடைய மெய்ப்பெயரைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

இன்னொரு காரணம் என் அப்பத்தா. தாத்தாவுக்கு முருகன் பெயர். அதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக்காட்டுவாள். காசு எண்ணும்போதுகூட ஐந்துக்கு அடுத்தது ஏழுதான்; நடுவில் ஒரு ‘ம்’ வரும். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பாள். அப்படியென்றால் அவள் நாக்கில் எவ்வளவு மந்திரசக்தி இருந்திருக்க வேண்டும்! அவளை ஊரார் பிறந்த ஊரின் பெயரோடு ‘காரி’ சேர்த்துக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு அப்பத்தா. அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

லெ குயினுக்கும் அப்படி ஒன்று தோன்றாமல் போனது. முதல் நாவல் 1968இல் வந்தது. நாயகனின் பால்யப் பெயர் டூனி. அது அவனுடைய அம்மா வைத்தது. அவனுக்கு ஒரு வயது முடிவதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். பதின்மூன்று வயதில் பெயரிடும் சடங்கு. அம்மா கொடுத்த பெயரை அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த ஊற்றுநீரில் அம்மணமாக, பெயரில்லாமல் நடந்துபோகிறான். கரையேறியதும் ஓகியன் என்ற மந்திரவாதி காதுக்குள் புதுப்பெயரைச் சொல்கிறார்: கெட். அந்த அம்மாவின் பெயர் என்ன? நாவல் சொல்வதில்லை. அவனுக்கு முதல் மந்திரம் கற்றுக்கொடுத்த பெரியம்மாவோ சித்தியோ, அவளுடைய பெயர்? அதுவும் இல்லை. அந்தத் தீவில் பெண்கள் செய்யும் மந்திரத்தை மட்டந்தட்டப் பழமொழிகள் உண்டு. ரோக் தீவிலிருக்கும் மந்திரப் பள்ளியிலோ ஆண்கள் மட்டுமே படிக்கலாம். முதல் வாசிப்பில் இது என் கண்ணில் படவில்லை. இரண்டாவது வாசிப்பில் படாமல் இருக்கவில்லை.

1971இல் வந்த இரண்டாவது நாவலில் டெனார் வருகிறாள். பழைய தலைமைப் பூசாரிப்பெண் இறந்த இரவில் பிறந்தவள் என்பதால் ஐந்து வயதில் அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பெயரற்ற தெய்வங்கள் அவள் பெயரை உண்டுவிட்டதாகச் சடங்கு. அதன்பிறகு அவள் அர்ஹா. ‘உண்ணப்பட்டவள்’ என்று பொருள். அந்த நாவல் தொடங்குவது ஒரு தாயின் குரலோடு. பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று மகளைப் பெயர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிடும் குரல். பெண் தன் பெயரைத் திரும்பப் பெறும் கதைதான். ஆனால் அதைத் திருப்பிக் கொடுப்பது வெளியிலிருந்து வந்த கெட். அவள் வாய்க்குள் அம்மாவின் குரல் தானாக மீளவில்லையே என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

லெ குயின் எங்கிருந்து வந்தார் என்று தேடப் போனபோது இந்தப் பெயர்க்கதைக்கு இன்னொரு அடுக்கு கிடைத்தது. அந்த ‘கே’ க்ரோபர். தந்தை ஆல்பிரட் க்ரோபர் கலிபோர்னியாவின் பெரும் மானிடவியலாளர். 1911 ஆகஸ்ட்டில் ஓரோவில் என்னும் ஊரருகே, பசியில் வாடிய யாஹி இனத்து மனிதர் ஒருவர் தனியாக வந்து சேர்ந்தார். அவருடைய மக்கள் வெள்ளையரின் படுகொலைகளில் அழிந்திருந்தார்கள். அவரை சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பெயர் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. அவர் மரபில் ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளக்கூடாது. சொந்த மக்களில் ஒருவர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். அப்படிச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. க்ரோபர் அவரை ‘இஷி’ என்றார். யானா மொழியில் ‘மனிதன்’. 1916இல் காசநோயில் இறக்கும்வரை அவர் தன் பெயரைச் சொல்லவேயில்லை.

இஷியின் வரலாற்றை நூலாக எழுதியது லெ குயினின் தாய் தியோடோரா. ஐம்பது வயதுக்குமேல் எழுத வந்தவர். இஷியை ஒருமுறைகூடச் சந்திக்காதவர். அந்த நூல் 1961இல் வந்தது. சிறுவயதில் வீட்டில் இஷியைப் பற்றிப் பேச்சே இல்லை, அம்மா அந்த நூலில் இறங்கும்போதுதான் தெரியவந்தது என்று லெ குயின் எழுதியிருக்கிறார். நூல் வந்து மூன்றாண்டுகளில், 1964இல், எர்த்சீயின் விதை வெளியாகிறது: ‘பெயர்களின் விதி’ என்ற சிறுகதை. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் வாசிப்பு மட்டுமே. ஆனால் பெயரைச் சொல்லாமலே செத்துப்போன ஒருவரின் கதையை அம்மா எழுதி முடித்த வீட்டில், மகள் பெயர்களைக் காவல் காக்கும் ஓர் உலகத்தைக் கட்டினாள் என்பதை என்னால் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பெர்க்லியில் க்ரோபர் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்திலிருந்து 2021 ஜனவரியில் அந்தப் பெயரை நீக்கினார்கள். பழங்குடியினரின் எலும்புகளை அவர் சேகரித்தது முதலான காரணங்கள். மகள் அதற்கு மூன்றாண்டு முன்பே இறந்திருந்தார்.

அந்தத் தாயின் பெயரையும் சொல்ல வேண்டும். பிறப்பால் க்ராக்கா, முதல் திருமணத்தில் பிரவுன், இரண்டாவதில் க்ரோபர், மூன்றாவதில் குயின். எழுத்தாளராக நிலைத்தது மூன்றாவது பெயர். என் சான்றிதழ்களில் ஒரு தலைப்பெழுத்து, வங்கிக் கணக்கில் இன்னொரு தலைப்பெழுத்து, இரண்டு பேரும் நான்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுக்கும்போதெல்லாம் தியோடோராவை நினைத்துக்கொள்வேன். தலைப்பெழுத்து மகளையும் விடவில்லை. 1969இல் ‘பிளேபாய்’ இதழ் அவருடைய கதையை ஏற்றுக்கொண்டு, உர்சுலா வேண்டாம், ‘யு. கே. லெ குயின்’ என்று போடலாமா என்று கேட்டது. பெண் என்று தெரிந்தால் வாசகர்கள் மிரள்வார்களாம். சம்மதித்தார். அப்போது அது கோமாளித்தனமாக மட்டும் தெரிந்தது, முக்கியமானது என்று புரியவில்லை என்று பின்னாளில் எழுதினார்.

புரிந்தது எப்போது என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். 1985இல் ‘நியூயார்க்கர்’ இதழில் ஒரு குட்டிக்கதை. ஆதாம் விலங்குகளுக்கு வைத்த பெயர்களை ஒரு பெண் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறாள். கடைசியில் தன் பெயரையும் அவனிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். அவன் ஏதோ வேலையில் மும்முரமாக இருக்கிறான். சாப்பாடு எப்போது என்பதுதான் அவன் கேள்வி.

பிறகு 1990இல், மூன்றாவது நாவல் வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ‘டெஹானு’. எர்த்சீயில் எனக்குப் பிரியமானது இதுதான். மந்திரச் சண்டையையும் கடற்பயணத்தையும் எதிர்பார்த்து வந்தவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. டெனார் இதில் நடுவயது விதவை. ஊர் அவளை கோஹா என்கிறது. வலை பின்னும் சிறு வெண்சிலந்தி. இல்லாவிட்டால் பிளின்ட்டின் விதவை. பிளின்ட் என்றால் சிக்கிமுக்கிக்கல். சொந்த மனிதர்களே சிதைத்து நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியை அவள் எடுத்து வளர்க்கிறாள். பாதி முகம் வெந்துபோன பிள்ளை. அவளுக்கு டெனார் தன் தாய்மொழியில் தெர்ரு என்று பெயர் வைக்கிறாள். எரிதல் என்று பொருள். காயத்தையே பெயராக வைப்பதா என்று முதலில் கோபம் வந்தது. ‘போதும்பொண்ணு’ என்ற பெயரை வருகைப்பதிவேட்டில் வாசிக்கும்போது வரும் அதே கோபம். ஆனால் கடைசியில் ஒரு கிழட்டு டிராகன் அந்தப் பிள்ளையை மெய்ப்பெயரால் கூப்பிடுகிறது. டெஹானு. டெனாரின் மொழியில் அது கோடைவானத்து வெள்ளை நட்சத்திரம். இந்தமுறை பெயரைச் சொல்ல எந்த மந்திரவாதியும் வரவில்லை.

அந்த நாவலின் தொடக்கத்தில் ஒரு சாவு வருகிறது. ஓகியன் இறக்கிறார். இறக்கும் தருவாயில் தன் மெய்ப்பெயரை டெனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு மந்திரவாதிகள் வருகிறார்கள். உடலை எங்கே புதைப்பது என்று அவர்களுக்குள் வழக்கு. அவள் அந்தப் பெயரைச் சொல்கிறாள், அவர் எங்கே கிடக்க விரும்பினார் என்பதையும் சொல்கிறாள். ஒருவன், கிராமத்துப் பொம்பளை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்னொருவன் நீ யார் என்கிறான். அவர்களுக்கு வேண்டிய பெயர் அவள் வாயில் இருக்கிறது. அதைக் கேட்கும் காது அவர்களிடம் இல்லை.

2001இல் வெளிவந்த ‘எர்த்சீ கதைகள்’ தொகுப்பில் லெ குயின் தன் உலகத்தின் வரலாற்றையே திருத்தி எழுதினார். ‘கண்டறிபவன்’ என்ற நெடுங்கதையில், ஆண்கள் மட்டும் படிக்கும் அந்த ரோக் பள்ளியை நிறுவியவர்களில் பெண்கள் இருந்தார்கள் என்று வருகிறது. பிற்பாடுதான் அவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டு, அவர்கள் இருந்த கதையும் மறைக்கப்பட்டது. சிலர் இதைப் பின்னால் ஒட்டிய ஒட்டு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் புத்தகத்தில் பெயரில்லாமல் போனவர்களைத் தேடி முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போன எழுத்தாளர்கள் எத்தனை பேர்?

நான் ‘டெஹானு’ படித்து முடித்த அடுத்த ஆண்டு அப்பத்தா இறந்தாள். சித்தப்பாக்கள் ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொடுத்தார்கள். கார்டில் இருந்தது கல்யாணமாகி வந்தபின் புகுந்த வீட்டில் வைத்த பெயராம். அன்றுதான் அதுவும் தெரிந்தது. மதியம் அவளுடைய தங்கை வந்தாள். எண்பதை நெருங்கிய கிழவி. வேலியோரம் வரும்போதே தலையிலடித்துக்கொண்டு ஒரு பெயரைக் கூவினாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. என் அப்பாவுக்கும் புரியவில்லை. திரும்பத் திரும்ப அதே பெயர், ஒப்பாரியின் ஒவ்வோர் அடி முடிவிலும். ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல. பந்தலில் ஆண்கள் எந்த ஊர் மேளம் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இறப்புச் சான்றிதழில் ரேஷன் கார்டுப் பெயர்தான் இருக்கிறது. தங்கையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கை கூவிய பெயரை நான் அன்றிரவே நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் அதை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். பெண்களின் பெயர்களைப் பதிவு செய்யுங்கள் என்று மேடையில் பேசுகிறவள் நான். இருந்தாலும் இப்போது மனம் வரவில்லை. என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.