புள்ளியும் பேரேடும்: இளைஞனின் கடன் தகுதி உருவான விதம் குறித்து ஒரு மறுவாசிப்பு

நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தாரின் வணிகம் பற்றி எழுதுபவர் எவரும் டேவிட் ருட்னரைத் தொடாமல் கடந்துபோக முடியாது. பழனி அறப்பட்டயங்களை வைத்து 1987இல் அவர் எழுதிய கட்டுரையும், குடியேற்றக்கால இந்தியாவில் சாதியும் முதலாளியமும் பிணைந்திருந்ததை ஆராயும் 1994ஆம் ஆண்டு நூலும் இத்துறைக்கு அடித்தளமானவை. இந்தக் கட்டுரையும் அவற்றின் மேல் நின்றுதான் பேசுகிறது. ஆனால், கடன் தகுதி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவர் தரும் விடையை, குறிப்பாக இளைஞர்களைப் பொறுத்தவரை, என்னால் ஏற்க இயலவில்லை.

ருட்னரின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: வணிகரின் நம்பகம் தனிமனிதரின் சொத்தன்று, சாதியின் நிறுவனங்களே அதை உருவாக்கின. 17ஆம் நூற்றாண்டில் உப்பு விற்கப் பழனிக்குப் போன நகரத்தார் முருகனுக்கு வணிகத்தில் ஒரு பங்கை மகமையாகச் செலுத்தினார்கள். அந்தக் கொடை புதிய ஊரில் அவர்களுக்கு மதிப்பைத் தந்தது. மகமைப் பணமே வட்டிக்குப் போய் முதலாகவும் பெருகியது. இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்கள், அவற்றை ஒட்டிய மண உறவுகள், ஒருவர் பணத்தை மற்றவர் கடையில் போட்டுவைக்கும் வழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு வங்கி அமைப்பைப் போல இயங்கின. சாதியை வணிகத்துக்குத் தடையாக மட்டும் பார்த்த பழைய ஆய்வுகளுக்கு இது வலுவான மறுப்பு. அந்த அளவில் அவர் சொல்வது சரி.

சிக்கல் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பையனிடம் தொடங்குகிறது. நம்பகம் பிறப்போடும் கோயிலோடும் வந்துவிடும் என்றால், கடை முதலாளி தன் சொந்த மகனை இன்னொருவர் கடையில் ஏன் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்?

அந்த வேலையைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். வட்டிக்கடையில் மேலாளின் கைப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருப்பவன் பெட்டியடிப் பையன். கடையைக் கூட்டுவது, ஆளுக்குத் தண்ணீர் கொடுப்பது, கடிதம் கொண்டுபோவது, எண்ணிய பணத்தை மறுபடி எண்ணுவது எல்லாம் அவன் வேலை. பிறகு சிட்டையில் எழுதச் சொல்வார்கள். சிட்டையிலிருந்து குறிப்பு, குறிப்பிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்று கை தேறும். அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேல், மேலாள் எனப்படும் ஏஜெண்ட்: முதலாளி கொடுத்த பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு, கடையின் விலாசத்தில், அதாவது வணிகப் பெயரில், கையெழுத்திட்டுக் கடன் வாங்கவும் கொடுக்கவும் உரிமை பெற்றவர். ஒவ்வொரு படிக்கும் ஒரு தவணை உண்டு, பெரும்பாலும் மூன்று ஆண்டு. எந்த விலாசம், எந்த ஊர்க் கடை, எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்பது சம்பளச் சீட்டில் எழுதப்படும். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அடுத்த சீட்டு கிடைக்கிறதா, எந்தப் படிக்குக் கிடைக்கிறது என்பது ஒப்படைத்த கணக்கைப் பொறுத்தது.

இதை ஒரு நிர்வாக ஏற்பாடாக மட்டும் வாசிப்பது போதாது என்பதே என் வாதம். இளைஞன் தன் பெயருக்கு ஒரு கடன் வரலாற்றைச் சேர்த்த இடம் இதுதான். முதல் தவணையில் அவனை நம்பி விட்ட தொகை சிறிது. இரண்டாவதில் சற்றுப் பெரிது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகளைக் கணக்கிட்டது. முதலாளி காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்க, கடல் கடந்து இத்தனை கடைகளை நடத்தியவர்கள் இப்படிப் படியேறி வந்தவர்கள்தாம். அத்தனை பேரும் ஒரே சாதி என்றால், அவர்களில் யாரை நம்புவது என்று முடிவெடுக்கச் சாதி உதவாது.

ருட்னரின் தரப்பிலிருந்து இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ‘புள்ளி’ என்ற சொல். என் வாசிப்பும் இந்தச் சொல்லைத்தான் சார்ந்திருப்பதால் இதில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

நகரத்தார் வழக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. மண நாளில் நகரக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். அதன் பிறகே அந்தத் திருமணம் கோயில் கணக்கில் ஏறும், புது வீட்டுக்காரனும் புள்ளியாவான். ஓர் இளைஞன் முதன்முதலாகத் தன் பெயரில் எழுதப்படுவது இங்கேதான். தகுதி என்பது உழைப்பால் வருவதற்கு முன் உறவால் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இராது என்று ருட்னரைப் பின்பற்றுபவர் சொல்லலாம்.

ஆனால் அதே கோயில் ஏட்டில் வேறொன்றும் இருக்கிறது. கோயிலுக்குச் செலுத்தும் புள்ளி வரி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே அளவு. வசதிக்கேற்ப வாங்கியது ஆஸ்தி வரி. அது தனியாக விதிக்கப்பட்டது. ஆகவே புள்ளிக் கணக்கில் லட்சாதிபதியும் ஒரு புள்ளி, நேற்று மாலை வாங்கியவனும் ஒரு புள்ளி. எல்லாரையும் சமமாகக் காட்டும் ஏட்டை வைத்து யாருடைய உண்டியலை (பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டை) ஏற்பது, யாருடையதைத் திருப்புவது என்று எவரும் முடிவு செய்ய முடியாது. ஆஸ்தி வரி வேறுபாட்டைக் காட்டும், உண்மைதான். ஆனால் தந்தையின் சொத்து பிரியாத வீட்டில் அது இளைஞனைப் பற்றி எதுவும் சொல்லாது. புள்ளி அவனை உள்ளே விட்டது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பேரேடு சொன்னது.

பேச்சுத் தமிழில் ‘பெரிய புள்ளி’ என்று செல்வாக்குள்ளவரைச் சொல்கிறோம். சமமான புள்ளிகளுக்கு இடையே ஒன்று பெரிதாகிவிட்டது என்ற பொருள் இந்த வணிக வழக்கிலிருந்து வந்திருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம். ‘புள்ளி’க்குத் தமிழில் கணக்கு, மதிப்பு என்ற பொதுப்பொருளும் உண்டு. அதனால் சொல் இந்தத் திசையில்தான் நகர்ந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சாதிக்கு வெளியே நிற்கும் ஒரு சான்று என் பக்கம் கூடுதல் வலு சேர்க்கிறது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம் 1938இல் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். அவர் நகரத்தார் அல்லர். பின்னாளில் அவர் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ நாவலின் உலகம் அந்தக் கடைத்தெருவும் அதன் மேலாள், அடுத்தாள் வரிசையும்தான். கோயில் புள்ளியில் இடமில்லாத இளைஞனும் ஏறக்கூடிய ஏணியாக அது இருந்திருக்கிறது. ஒருவருடைய வாழ்க்கையை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது. என்றாலும், ஏணி வேறு, கோயில் வேறு என்பதை உணர்த்த இது போதும்.

இரண்டு இடங்களில் நான் அடக்கமாகவே பேச வேண்டும். ஒன்று, இந்த ஏணி எப்போது அமைந்தது? 1852இல் கீழ்ப்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கடல்தாண்டிய வணிகத்தைப் பெருக்கின. முதலாளி கண்ணெதிரே இல்லாத நிலையில்தான் தவணையும் சம்பளச் சீட்டும் கட்டாயமாகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். பழனி உப்பு வணிகத்திலேயே அதன் முளை இருந்தது என்று யாரேனும் சான்றோடு காட்டினால் ஏற்பேன். இரண்டு, தேறியவர்களின் கதைகளே நமக்கு எஞ்சியிருக்கின்றன. முதல் தவணையிலேயே கணக்குத் தவறி, அடுத்த சீட்டு கிடைக்காமல் ஊரில் முடங்கிய பையன்களின் குரல் இந்த வரலாற்றில் இல்லை. அந்த ஏணியைப் புகழ்ந்து பாட இது இடம் தராது.

புள்ளிக்கும் பேரேட்டுக்கும் இடையிலான இந்தப் பழைய வேறுபாடு இன்றைக்கும் பயன்படுகிறது. 2000இல் கடன் தகவல் நிறுவனமான சிபில் தொடங்கியது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் வந்தது. 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டுப் பேச்சு ‘சிபில்’ என்றே சுருக்கிவிட்டது. கடனே வாங்காதவருக்கு அந்த எண் கிடையாது. அறிக்கையில் −1 என்று வரும். வரலாறு இல்லை என்பதுதான் அதன் பொருள். ஆனாலும் முதல் வேலைக்குப் போன பிள்ளையின் விண்ணப்பத்தில் அந்தக் கழித்தல் குறி ஒரு குற்றம்போல வாசிக்கப்படுகிறது. புள்ளி மட்டும் வாங்கி, பேரேட்டில் இன்னும் ஏறாதவனின் நிலைதான் இது. வட்டிக்கடை அந்த நிலையை ஒரு தொடக்கமாகக் கொண்டு அவனைப் பெட்டியடியில் உட்கார வைத்தது.

மாணவருக்கு இன்று பெட்டியடி எது? பலருக்குக் கல்விக் கடன். அதில் தாயோ தந்தையோ கூட்டுக் கடனாளி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை கடன் தவணை கட்ட அவகாசம் உண்டு. அந்த அவகாசம் முடிந்ததைக் கவனிக்காமல் விட்டால் தாமதம் இரண்டு பெயரிலும் ஏறும். சிறிய வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் கடன் அட்டை இன்னொரு பெட்டியடி. அதில் கொஞ்சமாகச் செலவிட்டு, கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவருவது முதல் தவணையைச் சுத்தமாக ஒப்படைப்பதற்குச் சமம். ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பேரேட்டில் தவறான பற்று ஏறியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. பெட்டியடிப் பையனுக்கு இல்லாத உரிமை அது. குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டி மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னதும் இந்த வரிசையில் வருகிறது.

ருட்னர் சொல்வதுபோல் நம்பகம் சாதியின் கூட்டுச் சொத்து மட்டுமே என்றால், இன்றைய மாணவருக்கு அந்த வரலாற்றிலிருந்து கற்க எதுவும் இல்லை. அப்படிச் சாதியின் கதவு வழியே வர முடியாதவர்களே இன்று அதிகம். அவர்களை அந்தக் கதவுக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. என் வாசிப்பு சரியென்றால், அந்த வட்டிக்கடைகளில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுதான்: எதுவும் எழுதப்படாத பையனிடம், தவறினாலும் கடை மூழ்காத அளவில் ஒரு பொறுப்பைக் கொடுத்து, அவன் பெயரில் முதல் வரியை யாரோ ஒருவர் எழுதினார். −1 என்று வரும் பிள்ளைக்கு அந்த முதல் வரியை எழுதுவது யார் பொறுப்பு என்பதுதான் வங்கிகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.