சுங்கை சிப்புட் தொகுதி: நான்கு பிரதிநிதிகள், ஒரு வரலாறு

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தில் உள்ளது சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி (பி.062). லிந்தாங், ஜாலோங் ஆகிய 2 சட்டமன்றத் தொகுதிகள் இதனுள் அடங்கும். 1959 முதல் இன்று வரை இங்கிருந்து நாடாளுமன்றம் சென்றவர்கள் நால்வர் மட்டுமே. நால்வருமே இந்தியர்கள்.

இந்திய வாக்காளர்கள் இங்குப் பெரும்பான்மையினர் அல்லர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஒராங் அஸ்லி எனப் பல இனத்தவரும் வாக்களிக்கின்றனர். ஆகவே, எந்த வேட்பாளரும் ஓர் இனத்தின் வாக்குகளை மட்டும் நம்பி இங்கு வெல்ல முடியாது.

ம.இ.கா காலம் (1959–2008)

முதல் பிரதிநிதி துன் வீ.தி.சம்பந்தன். சுங்கை சிப்புட்டிலேயே பிறந்தவர். 1955 முதல் 1973 வரை ம.இ.கா தேசியத் தலைவர். 1954-இல் இவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியை நிறுவினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1959, 1964, 1969 ஆகிய 3 தேர்தல்களிலும் இத்தொகுதியில் வென்றார்.

1974-இல் தொகுதி துன் ச.சாமிவேலுவிடம் வந்தது. 1979-இல் கட்சித் தலைவரான அவர், பொதுப்பணி அமைச்சராகவும் நீண்ட காலம் இருந்தார். 2004 வரை தொடர்ந்து 8 பொதுத்தேர்தல்களில் இங்கு வெற்றி பெற்றார்.

2008 மாற்றம்

டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் 1999, 2004 தேர்தல்களில் சாமிவேலுவிடம் தோற்றவர். தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளில் தொடர்ந்து ஈடுபட்டு வந்த மலேசிய சோசலிசக் கட்சியைச் (பி.எஸ்.எம்) சேர்ந்தவர். 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் பேரணிக்குப் பின் நடந்த 2008 மார்ச் 8 தேர்தலில் பி.கே.ஆர் சின்னத்தில் நின்று, 1,821 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். ம.இ.காவின் 49 ஆண்டுப் பிடி அன்று தளர்ந்தது.

2011-இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்ட பி.எஸ்.எம் கட்சியினர் 6 பேரில் ஜெயகுமாரும் ஒருவர். 2013-இல் ம.இ.காவின் எஸ்.கே.தேவமணியை வென்று தொகுதியைத் தக்க வைத்துக்கொண்டார்.

2018-க்குப் பின்

2018-இல் பி.கே.ஆர் தன் சொந்த வேட்பாளராக எஸ்.கேசவனை நிறுத்தியது. பி.எஸ்.எம் சின்னத்தில் தனித்து நின்ற ஜெயகுமார் வைப்புத்தொகையை இழந்தார். பத்தாண்டு தொகுதிச் சேவையைக் காட்டிலும், ஆட்சி மாற்றத்தை எதிர்பார்த்து விழுந்த கட்சி வாக்கே அன்று மேலோங்கியது.

2022-இல் ம.இ.கா தேசியத் தலைவர் டான்ஸ்ரீ எஸ்.ஏ.விக்னேஸ்வரன் நேரடியாகக் களம் இறங்கியும் தொகுதியை மீட்க முடியவில்லை. கேசவன் மீண்டும் வென்றார்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள்

1959–1974: துன் வீ.தி.சம்பந்தன் (ம.இ.கா)
1974–2008: துன் ச.சாமிவேலு (ம.இ.கா)
2008–2018: டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் (பி.கே.ஆர் சின்னத்தில் பி.எஸ்.எம்)
2018 முதல்: எஸ்.கேசவன் (பி.கே.ஆர்)

கட்சித் தலைவர்களின் கோட்டை என்று பெயர் பெற்ற இத்தொகுதியில், ஒரு கட்சித் தலைவரை 2008-லும் இன்னொருவரை 2022-லும் வாக்காளர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.