பாட்ரிசியா ஹைஸ்மித்

பாட்ரிசியா ஹைஸ்மித் (19 ஜனவரி 1921 – 4 பிப்ரவரி 1995) அமெரிக்க நாவலாசிரியர். குற்றவாளியின் மனதுக்குள் புகுந்து கதை சொல்லும் சஸ்பென்ஸ் நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர். பெண்களைக் காதலித்த இவர், இரு பெண்களின் காதலைச் சொல்லும் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலைப் புனைபெயரில் எழுதினார்.

தொடக்க காலம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தார். 1942இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் காமிக்ஸ் கதை எழுதிப் பிழைத்தார். முதல் நாவலான 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' 1950இல் வந்தது. மறு ஆண்டே ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார்.

'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'

1948 டிசம்பர், கிறிஸ்துமஸ் நெரிசல். நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தார் ஹைஸ்மித். மிங்க் கோட்டு அணிந்த பெண்மணி ஒருவர் பொம்மை வாங்கி, முகவரி கொடுத்துவிட்டுப் போனார். சில நிமிடங்கள்தான். அந்தச் சந்திப்பு தூண்ட, அன்றிரவே ஹைஸ்மித் இந்நாவலின் முழுக்கதைச் சுருக்கத்தையும் நோட்டில் எழுதிவிட்டார். அடுத்து வந்த காய்ச்சல், சின்னம்மை என்று தெரிந்தது.

காதல் கதைக்குள்ளும் அவருடைய சஸ்பென்ஸ் கை தெரிகிறது. நாவலின் நாயகிகளான தெரேஸும் கரோலும் காரில் மேற்கே பயணிக்க, கரோலின் கணவர் அமர்த்திய துப்பறிவாளர் பின்தொடர்ந்து ஒட்டுக்கேட்கிறார். மகள் யாரிடம் வளர்வது என்ற தகராறில் அதுவே கரோலுக்கு எதிரான சாட்சியமாகிறது. அன்றைய நாவல்களில் பெண்ணை நேசித்த பெண் பெரும்பாலும் செத்துப்போவாள், அல்லது ஆணிடம் திரும்புவாள். இதில் காதலர் சேர்கிறார்கள். இந்நாவலின் தனிப்பெருமை இதுவே.

முதல் நாவலை வெளியிட்ட பதிப்பகம் மறுக்க, 1952இல் 'கிளேர் மார்கன்' என்ற பெயரில் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. மலிவுப் பதிப்பு லட்சக்கணக்கில் விற்றது. வாசகர்கள் நன்றிக் கடிதங்கள் எழுதினார்கள். 38 ஆண்டுகள் கழித்து, 1990இல்தான் 'கரோல்' என்ற தலைப்பில் சொந்தப் பெயரோடு அது பிரிட்டனில் வெளிவந்தது. இந்நாவலை வைத்து டாட் ஹேன்ஸ் இயக்கிய திரைப்படம் 2015இல் வெளியானது.

பிற்காலம்

1955இல் 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' வெளியானது. தண்டனைக்குத் தப்பிக்கொண்டே இருக்கும் டாம் ரிப்ளியை வைத்து 1991 வரை ஐந்து நாவல்கள் எழுதினார். 1963 முதல் ஐரோப்பாவில் வாழ்ந்தார். யூதர்கள் மீது அவர் கொண்டிருந்த வெறுப்பு அவர் வாழ்க்கையின் மறைக்கக்கூடாத கறை.

சுவிட்சர்லாந்தின் லொகார்னோவில் காலமானார். 1948இல் முதல் நாவலை எழுத இடமளித்த யாடோ கலைஞர் இல்லத்துக்கே தன் சொத்தை எழுதிவைத்தார்.