காயம்பட்ட நாள் எது?



யாங்கூனுக்கு மேற்கே, லைங் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது லைங் தாயா. ரங்கூனை விட்டு 1942-இல் நடந்தும், 1964-க்குப் பிறகு கப்பலேறியும் வந்த நம் பெரியவர்கள் அந்தப் பெயரில் ஒரு நகரியத்தை அறிந்திருக்க மாட்டார்கள். 1989-இல் உருவானது, இன்று தையல் ஆலைகள் நிறைந்த இடம். ஒரே தையலை நாளெல்லாம் ஓட்டுகிற பெண்ணின் தோளும் மணிக்கட்டும் ஒரே நாளில் கெடுவதில்லை. அப்படியானால் அவருக்குக் காயம்பட்ட நாள் எது?

நான் கணக்கு எழுதுகிறவன். தேதியில்லாத வவுச்சரைப் பேரேட்டில் ஏற்ற முடியாது. நட்டஈட்டிலும் அப்படித்தான். விபத்துக்கு முந்தைய 12 மாதச் சம்பளத்தைப் பார்த்தே தொகை போடுகிறார்கள். மனுக் கொடுக்கும் கெடுவும் அந்த நாளிலிருந்தே ஓடுகிறது.

பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்த காலத்திலேயே இதற்கு ஒரு பதில் எழுதப்பட்டுவிட்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. தொழிலால் வரும் சில நோய்களை அது விபத்தாகவே கருதியது. அந்த நோயால் தொழிலாளி தொடர்ந்து வேலைக்கு வராத நாட்களில் முதல் நாள்தான் விபத்து நாள் என்கிறது 10-ஆம் பிரிவு. 1937-இல் பர்மா பிரிந்த பிறகும் அந்தச் சட்டம் அங்கே தங்கிவிட்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலி போய்விடுமே என்று வலியோடு வேலைக்கு வருகிறவருக்குத் தேதியே பிறப்பதில்லை! ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கரும் தமிழரும் மேஸ்திரிமாரின் கீழ் இருந்தவர்கள். முடியாமல் ஊருக்குக் கப்பலேறியவருடைய 'முதல் நாளை' யார் எழுதி வைத்திருப்பார்?

அதைவிடப் பெரிய தடை நோய்ப் பட்டியல். பிரிட்டனில் தந்தி அடிப்பவரின் கைப்பிடிப்பு 1908-லேயே தொழில்நோயாக ஏற்கப்பட்டது. 1923 சட்டத்தின் பட்டியலிலோ ஆந்திராக்ஸ், ஈய நச்சு போன்றவையே இருந்தன. பட்டியலில் இல்லாத நோயென்றால், குறிப்பிட்ட ஒரு விபத்தால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். சிறுகச் சிறுகத் தேய்ந்த தோளுக்கு அந்த விபத்தை எங்கே போய்த் தேடுவது? சட்டம் எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் என்று நான் நம்பவில்லை.

2012-இல் மியன்மாரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி பதிவானவர்களுக்குத் தொழில்காயச் சந்தாவை முதலாளியே கட்ட வேண்டும். அங்கே ஆலை வேலையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், மருத்துவரிடம் முதன்முதலில் காட்டிய சீட்டையும், வேலைக்குப் போக முடியாத தேதிகளையும், சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.